தண்ணீரில் வாடை, நுரை, நிறம்: கார்பன் ஃபில்டர் கோளாறை அறிகுறி வைத்துப் பிடிப்பது

"அண்ணே, டிடிஎஸ் அறுபதுதான் காட்டுது, ஆனா தண்ணி நாறுது." டிடிஎஸ் என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, அதைக் காட்ட ஒரு சின்ன மீட்டர் உண்டு. வாரத்துக்கு ஒரு போனாவது இப்படி வரும். மதுரையில் ஃபில்டர் மாட்டுவதும் கழற்றுவதுமாகப் பல வருஷம் ஓடிவிட்டது. இந்தப் போனுக்கு என் முதல் பதில், அந்த மீட்டரை ஓரமாக வையுங்கள் என்பதுதான். நம்பாதவர் வீட்டில் ஒரு வேலை செய்து காட்டுவேன். ஆர்.ஓ. தண்ணீர் ஒரு டம்ளர், அதில் ஒரு கரண்டி சீனி. கலக்கிவிட்டு மீட்டரை விட்டால் எண் அசையவே அசையாது. சிட்டிகை உப்பைப் போட்டால் எகிறும். மின்சாரம் கடத்தும் உப்புதான் மீட்டருக்குத் தெரியும். பாசி வாடை, பெட்ரோல், பெயின்ட் கரைப்பான், பூச்சிமருந்தில் பெரும்பாலானவை எல்லாம் சீனி மாதிரி, அதன் கண்ணில் படாது. சோப்புக்கும் சாயத்துக்கும் லேசாக அசையும்தான், ஆனால் நம்ம ஊர் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரின் உப்பில் அந்த அசைவு காணாமல் போய்விடும்.

இந்தக் கரிமப் பொருள்களைப் பிடிக்க வீட்டு ஃபில்டரில் இருக்கிற முக்கியமான ஆள் கார்பன். பாடப்புத்தகத்தில் கிளர்வுறு கரி. பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, நீராவியில் 800 டிகிரிக்கு மேல் சூடேற்றிச் செய்தது. மணல் ஃபில்டரோ, சேற்றைத் தடுக்கும் ஸ்பன் ஃபில்டரோ அடைத்துக்கொண்டால் வரத்து குறைந்து உங்களுக்குத் தெரிந்துவிடும். கார்பன் அப்படிச் சொல்லாது. செத்த பிறகும் தண்ணீர் அதே வேகத்தில், அதே தெளிவோடு வரும். அதனால்தான் அறிகுறியை வைத்துத் தேடவேண்டியிருக்கிறது.

## எதையும் கழற்றும் முன்

மூன்று கண்ணாடி பாட்டில் எடுங்கள். ஊறுகாய் இருந்த பாட்டில் வேண்டாம், எத்தனை கழுவினாலும் வாடை நிற்கும். ஒன்றில் தண்ணீர் வீட்டுக்குள் வரும் இடத்தில், அதாவது போர் வாயிலோ மாநகராட்சிக் குழாயிலோ பிடியுங்கள். இரண்டாவது மாடித் தொட்டிக் குழாயில். மூன்றாவது ஃபில்டருக்குப் பின்னால். பாதி நிரப்பி மூடி, பத்து நிமிஷம் கழித்துக் குலுக்கித் திறந்து முகருங்கள். வெளியிலிருந்து வந்த ஒருவரையும் முகரச் சொல்லுங்கள். அதே வீட்டில் இருக்கிறவர் மூக்கு பழகிப்போயிருக்கும்.

வாடை எந்த பாட்டிலில் தொடங்குகிறதோ அங்கேதான் வேலை. அனுப்பானடிப் பக்கம் ஒரு வீட்டில் இதைச் செய்யாமல் மூன்று முறை கார்பன் மாற்றினேன். மாடித் தொட்டியின் மூடி உடைந்து, உள்ளே வேப்பிலை ஊறிக் கிடந்தது. அந்தக் காசை நான் திருப்பிக் கொடுத்தேன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

## மண் வாடை, பாசி வாடை

வைகை அணைத் தண்ணீர் வரும் வீடுகளில் சித்திரை, வைகாசியில் அதிகம் கேட்கும் புகார். நீர்மட்டம் இறங்கி வெயில் ஏறும்போது நீலப்பச்சைப் பாசி பெருகும். அது விடும் ஜியோஸ்மின் என்ற பொருள் லிட்டருக்குப் பத்து நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். முதல் மழையில் மண்ணிலிருந்து கிளம்புகிறதே, அதே வாடைதான். அங்கே நன்றாக இருக்கிறது, டம்ளரில் பிடிக்கவில்லை. இந்த வாடையால் மட்டும் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் கொதிக்கவைத்தால் ஆவியோடு சேர்ந்து இன்னும் தூக்கும். டீ போட்டால் முதலில் தெரிவது அதனால்தான்.

### இரண்டாவது பாட்டிலில்தான் தொடங்குகிறது என்றால்

தொட்டியைப் பாருங்கள். மூடி சரியாக உட்காராமல் வெளிச்சம் விழுந்தால் தொட்டிக்குள்ளேயே பாசி வளரும். செலவில்லாத வேலை: இறக்கி, தேய்த்துக் கழுவி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரைத் தனி வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டித் தண்ணீரில் ஊற்றி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் முழுவதும் திறந்துவிடுங்கள். அது குடிக்கிற அளவு இல்லை, கழுவுகிற அளவு. அதற்கு முன் ஃபில்டருக்குப் போகும் வால்வை மூடுங்கள். இல்லாவிட்டால் அத்தனை குளோரினையும் கார்பன் தின்று, அதன் ஆயுள் வீணாகக் குறையும். பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் ஒரே நேரத்தில் தொட்டியில் ஊற்றவே கூடாது. விஷ வாயு வரும்.

### மூன்று பாட்டிலிலும் இருக்கிறது என்றால்

கார்பன் பிடிக்கவில்லை. செத்துப்போனதா, தண்ணீர் வேகமாக ஓடுகிறதா? இதைக் கண்டுபிடிக்கக் காசு எதுவும் வேண்டாம். குழாயை மிக மெதுவாக, விரல் கனத்தில் பாதி அளவுக்குத் திறந்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, பிறகு ஒரு பாட்டில் பிடியுங்கள். வாடை நன்றாகக் குறைந்தால் கார்பனுக்கு உயிர் இருக்கிறது, தண்ணீருக்கும் அதற்கும் தொடுகை நேரம்தான் போதவில்லை. மெதுவாக விட்டும் அதே வாடை என்றால் மாற்றிவிடுங்கள்.

கணக்கு எளிது. பத்து அங்குல ஹவுசிங்கில், அதாவது கேண்டில் என்கிற கார்பன் உருளை உட்காரும் கிண்ணத்தில், கார்பன் முக்கால் லிட்டர் கொள்ளும். நிமிஷத்துக்கு நாலு லிட்டர் ஓடினால் தண்ணீர் அதைத் தொடுவது பதினோரு விநாடி. குளோரினுக்கு அது போதும். பாசி வாடைக்குப் போதாது. நிமிஷத்துக்கு அரை லிட்டராகக் குறைத்தால் ஒன்றரை நிமிஷம் கிடைக்கும். குடிக்க மட்டும் தனிக் குழாய் வைத்து அதை நெரித்து விடுவதுதான் நான் செய்கிற மலிவான தீர்வு.

## ஃபில்டருக்கு முன் நல்ல தண்ணீர், பின்னால் நாற்றம்

பலர் நம்ப மறுப்பது இதைத்தான். ஃபில்டரே கெடுக்குமா? கெடுக்கும்.

### காலையில் முதல் டம்ளர் மட்டும்

கார்பன் குளோரினை எடுத்துவிடுகிறது. அதற்கப்புறம் தண்ணீருக்குக் காவல் இல்லை. கார்பனின் நுண்துளையில் சிக்கிய கரிமப் பொருள் கிருமிக்குச் சாப்பாடு, ராத்திரி முழுக்க அசையாத தண்ணீர் அதற்கு வீடு. இரண்டு நிமிஷம் திறந்துவிட்டால் போகிறது என்றால் தினமும் அப்படியே செய்யுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம்.

### ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகு

திருவிழா, லீவு என்று ஒரு வாரத்துக்கு மேல் பூட்டிக்கிடந்த ஃபில்டரில் கேண்டிலை மாற்றுவதே நல்லது. கிண்ணத்தைக் கழற்றிப் பிளீச்சிங் நீரில் கழுவுங்கள், கேண்டிலை அதில் நனைக்காதீர்கள். ஆர்.ஓ. பெட்டி என்றால் உள்ளே இருக்கும் சேமிப்புத் தொட்டியையும் கழுவவேண்டும். பாதிப் பேர் அதைத் திறந்ததே இல்லை. ஆர்.ஓ.வின் வடிகட்டும் சவ்வான மெம்ப்ரேனைத் தாண்டி வந்த சுத்தமான தண்ணீர் வழுவழுப்பான தொட்டியில் போய் விழுந்துகொண்டிருக்கும்.

### எந்நேரமும் இருக்கிறது

கார்பன் நிறைந்துவிட்டது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. நிறைந்த கார்பன் சும்மா இருப்பதில்லை. கொஞ்சம் இறுக்கமாகப் பிடிக்கும் பொருள் வந்தால், லேசாகப் பிடித்திருந்ததைத் தள்ளிவிடும். அப்போது உள்ளே போவதைவிட வெளியே வருவது மோசமாக இருக்கும். ஆறு மாதம் என்று பெட்டியில் எழுதியிருப்பது நாலு பேர் வீட்டுக்கு. பத்துப் பேர் குடிக்கும் வீட்டில் காலண்டரைப் பார்க்காமல் லிட்டரைப் பாருங்கள்.

மாற்றியும் போகவில்லையா? அப்போது கிருமிப் பரிசோதனை. கிருமியைக் கொல்லும் யு.வி. (புற ஊதா) விளக்கு கார்பனுக்கு முன்னால் மாட்டப்பட்டிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை, பின்னால் இருக்கவேண்டும். நீலமாக எரிகிறது என்பதும் சான்று ஆகாது. ஒரு வருஷம் தொடர்ந்து எரிந்த விளக்கு கண்ணுக்கு எரியும், கிருமிக்கு எரியாது. இந்த இடத்தில் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

## புதுக் கார்பன் போட்டும் வாடை போகவில்லை

இந்தப் பகுதியில்தான் அதிகக் காசு வீணாகிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் அம்புக்குறி. தண்ணீர் போகும் திசை ஹவுசிங் தலையில் போட்டிருக்கும். மாற்றி மாட்டியிருப்பதை இன்றும் மாதத்துக்கு ஒன்று பார்க்கிறேன். அடுத்தது வாசர். கேண்டிலின் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் வாசர் சரியாக உட்காராவிட்டால் தண்ணீர் கார்பனைத் தொடாமல் பக்கவாட்டில் சுற்றிப் போய்விடும். தண்ணீர் சோம்பேறி, எளிய வழி இருந்தால் அதில்தான் போகும்.

பெரிய வெசல் (கார்பன் நிரப்பிய உயரமான தொட்டி) வைத்திருக்கும் அபார்ட்மென்ட், ஹாஸ்டல், ஹோட்டல் என்றால் இன்னும் மூன்று பார்க்கவேண்டும். ஒன்று, தண்ணீர் போகும் வழியைத் திருப்பும் மல்டிபோர்ட் வால்வு. பேக்வாஷ் (தண்ணீரைத் தலைகீழாக விட்டுக் கழுவுவது) முடித்துவிட்டு சர்வீஸுக்குத் திருப்பாமல் பைபாஸிலேயே விட்டிருப்பார்கள். வாட்ச்மேனைக் கேட்டால் "நான் தொடலைண்ணே" என்பார். கைப்பிடி பொய் சொல்லாது.

இரண்டு, காய்ந்த கார்பனை நேரடியாகக் கொட்டி அன்றே ஓட்டியிருப்பார்கள். துளைகளில் காற்று நிற்கும்வரை தண்ணீர் உள்ளே நுழையாது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, பிறகு பேக்வாஷ் செய்யவேண்டும். ஊறவிடாத படுகையில் காற்றுப் பைகள் இருக்கும், தண்ணீர் ஒரே தடத்தில் ஓடை வெட்டிக்கொண்டு போகும். அந்த ஓடை ஓரத்துக் கார்பன் மட்டும் ஒரு மாதத்தில் செத்து, மீதி புதிதாகவே கிடக்கும்.

மூன்று, மோட்டார். 25 கிலோ மூட்டை ஒன்று கிட்டத்தட்ட 50 லிட்டர் இடம் பிடிக்கும். மணிக்கு 2,000 லிட்டர் தள்ளும் மோட்டாரில் தொடுகை நேரம் ஒன்றரை நிமிஷம். வாடை, பூச்சிமருந்து போன்றவற்றுக்கு ஐந்திலிருந்து பத்து நிமிஷம் வேண்டும். மணிக்கு 500 லிட்டராக்கினால் ஆறு நிமிஷம் கிடைக்கும். புது வெசல் விற்க வந்தவர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாவிட்டால் நீங்களே போடுங்கள்.

### எல்லாம் சரி, அப்படியும் போகவில்லை என்றால் கார்பனையே சந்தேகப்படுங்கள்

மூட்டைக்குள் வெறும் அடுப்புக்கரியை உடைத்துப் போட்டு விற்றிருந்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நான் செய்யும் சோதனை: இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஆளுக்கு ஒரு துளி சொட்டு நீலம். ஒன்றில் இரண்டு கரண்டி கழுவிய கார்பன், மற்றது சும்மா. அவ்வப்போது கலக்கிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நல்ல கார்பன் நீலத்தைத் தின்று டம்ளரை வெளுக்கவைக்கும். அடுப்புக்கரி கொஞ்சம் எடுக்கும், நீலம் நிற்கும். பழைய கார்பனையும் பக்கத்தில் மூன்றாவது டம்ளராக வைத்தால் அது எவ்வளவு செத்திருக்கிறது என்றும் தெரியும். ஆய்வகச் சோதனைக்கு இது ஈடாகாது, ஆனால் ஏமாற்றுக்காரரை மடக்க இது போதும்.

மொத்தமாக வாங்கும்போது அயோடின் எண் (கார்பன் எவ்வளவு பிடிக்கும் என்பதன் அளவு) எழுதிய சான்று கேளுங்கள். குடிநீர் வேலைக்கு 900க்கு மேல் இருந்தால் நல்ல சரக்கு. ஆனால் எண் மட்டும் பார்த்து வாங்குவதும் தவறு. சிரட்டைக் கார்பனின் துளை மிகச் சிறியது, பெட்ரோல், வாடை போன்ற சின்ன மூலக்கூறுக்கு அது ராஜா. இலைச்சாறு, சாயம் போன்ற பெரியவை அந்த வாசலுக்குள் லேசில் நுழையாது. அதற்கு நிலக்கரியிலோ மரத்திலோ செய்த, பெரிய துளையுள்ள கார்பன் வேண்டும். சிரட்டை நம்ம பக்கத்துச் சரக்கு என்பதால் எல்லாவற்றுக்கும் அதையே போட்டுவிடுகிறோம்.

இன்னொன்று. குளோரின் சோதனைச் சொட்டு விட்டு, ஃபில்டருக்குப் பின்னால் நிறம் வரவில்லை, ஆகவே கார்பன் நல்லாயிருக்கிறது என்று சிலர் முடிவுகட்டுவார்கள். பாதிதான் சரி. குளோரினைப் பிடிக்கும் சக்தி கடைசிவரை இருக்கும். கரிமப் பொருளைப் பிடிக்கும் சக்தி அதற்கு வெகுமுன்பே தீர்ந்துவிடும். நிறம் வந்தால் கார்பன் காலி. வராவிட்டால் எதுவும் தெரியாது.

மொட்டைமாடியில் காயவைத்து மறுபடி போடலாமா என்று கேட்கிற அக்காமார்கள் உண்டு. வடகம் காய்வதுபோல் கார்பன் காயும், அவ்வளவுதான். மறுபடி உயிர் கொடுக்க மறுபடி 800 டிகிரி வேண்டும். உப்புநீரில் கழுவுவதும் வேண்டாம், அது கடினத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் ரெசினுக்கான வைத்தியம்.

## ஆஸ்பத்திரி வாடை, மருந்து வாடை

வெறும் பிளீச்சிங் வாடை என்றால் ஒரு வாளித் தண்ணீரைத் திறந்து வைத்தால் சில மணி நேரத்தில் குறையும். மழைக்காலத்தில் குளோரின் கூடப் போடுவார்கள், கவலை இல்லை. போகாமல் டெட்டால் மாதிரி நிற்கிறது என்றால் குளோரினும் பீனால் வகைப் பொருளும் சேர்ந்திருக்கின்றன. அந்தக் கலவை மிகக் குறைந்த அளவிலேயே மூக்கைத் தாக்கும். தரைக்குப் போடும் பினாயில் சம்ப்பில் சிந்தியதா, தொட்டிக்குள் தார் பூசினார்களா, மட்டமான ரப்பர் ஹோஸில் தண்ணீர் ஏற்றுகிறார்களா என்று வரிசையாகப் பாருங்கள். கடைசியில் சொன்னது மிக அதிகம். ஹோஸை மாற்றினாலே தீர்ந்துவிடும். முதல் பாட்டிலிலேயே இருந்தால், கார்பன் பிடிக்கும் என்றாலும், குடிக்காமல் ஆய்வகத்துக்குப் போங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 பீனாலுக்கு வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்தான்.

## பெயின்ட், மண்ணெண்ணெய், பெட்ரோல் வாடை

### சமீபத்தில் பிளம்பிங் வேலை நடந்திருந்தால்

பிவிசி ஒட்டும் பசையின் வாடை. எல்லாக் குழாயையும் திறந்து நன்றாக ஓடவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் போகும். புது பிளாஸ்டிக் தொட்டி என்றால் இரண்டு முறை நிரப்பிக் கொட்டுங்கள். தொட்டிக்குள் பெயின்ட் அடித்திருந்தால் அது குடிநீருக்கான பெயின்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. கார்பனைப் போட்டுச் சமாளிக்க நினைத்தால் மாதாமாதம் கார்பன் வாங்குவீர்கள்.

### வேலை எதுவும் நடக்கவில்லை, முதல் பாட்டிலிலேயே வருகிறது

நிறுத்துங்கள். குடிக்காதீர்கள், சமைக்காதீர்கள், மூடிய அடுப்படியில் கொதிக்கவைக்காதீர்கள், ஆவி வீட்டுக்குள் பரவும். பக்கத்தில் டீசல் ஜெனரேட்டர் தொட்டி, பெட்ரோல் பங்க், வண்டிப் பட்டறை இருக்கிறதா பாருங்கள். ஆர்.ஓ. இருக்கிறதே என்று தைரியம் வேண்டாம். பெட்ரோலில் உள்ள சின்ன மூலக்கூறுகள் சில மெம்ப்ரேனைத் தாண்டிவிடும். மீட்டர் அப்போதும் அறுபது காட்டும். இது மெக்கானிக் வேலையே இல்லை. ஆய்வகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாநகராட்சி என்று போகிற விஷயம்.

## நுரை

பந்தல்குடி வாய்க்கால் பக்கம் வெள்ளை நுரை மிதப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வீட்டில் சோதிக்க, சுத்தமான சோடா பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து இருபது முறை குலுக்குங்கள். உடனே அடங்கும் குமிழ் காற்று. விளிம்பில் வளையமாக ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றால் சோப்புத்தூள். பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு என்னைக் கூப்பிட்டவர்களும் உண்டு, அதனால் கேன் தண்ணீர் ஒன்றையும் கூடவே குலுக்கி ஒப்பிடுங்கள்.

மாநகராட்சித் தண்ணீரில் முதல் பத்து நிமிஷம் மட்டும் நுரையும் வாடையும் என்றால், தண்ணீர் வராத நேரத்தில் காலியான குழாய்க்குள் பக்கத்துச் சாக்கடை நீர் கசிந்திருக்கிறது. லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சும் தெருவில் இது இன்னும் மோசம். மோட்டார் தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை. வார்டு அலுவலகத்தில் தெருவாகச் சேர்ந்து புகார் கொடுங்கள், தனி வீட்டுப் புகார் நகர நாளாகும்.

போரில் என்றால் கேசிங் பைப்பின் மேல்மட்டம் தரைக்கு மேல் இருக்கிறதா, சுற்றிச் சிமென்ட் பூச்சு வெடித்திருக்கிறதா, செப்டிக் டேங்க் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கிருதுமால் நதி ஓரமாகவோ வேறு சாக்கடை வாய்க்கால் ஓரமாகவோ வீடு இருந்தால் முதலில் இதுதான் சந்தேகம்.

கார்பன் சோப்புத்தூளைப் பிடிக்கும். நுரை நின்றுவிடும். அங்கேதான் ஆபத்து: நுரையோடு வந்த மலக்கிருமி கார்பனில் நிற்காது. நுரை என்பது நமக்குக் கிடைத்த எச்சரிக்கை மணி, கார்பன் போட்டு மணியை மட்டும் நிறுத்தாதீர்கள். கிருமிச் சோதனை முடியும்வரை நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

## மஞ்சள் நிறம், டீத்தண்ணி நிறம்

வெள்ளை வாளியில் பிடித்து ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் அடியில் துருவாகப் படிந்து மேலே தெளிந்தால் இரும்பு. அதற்குக் கார்பன் மருந்தல்ல, போட்டால் துரு அதன் மேல் பூசிக் கார்பன்தான் சாகும். இரும்பு ஃபில்டரை முன்னால் வைக்கவேண்டும்.

படியாமல், தெளிவாக, ஆனால் மஞ்சளாகவே நின்றால் இலை தழை ஊறிய சாறு. மழை முடிந்து கண்மாய் நிறைந்ததும் பக்கத்துத் திறந்த கிணறுகளில் வரும். தேத்தாங்கொட்டையை இழைத்துப் பானையில் விடும் பழக்கம் இன்றும் கிராமங்களில் உண்டு. கலங்கலை அது அழகாகத் தெளியவைக்கும். கரைந்த நிறத்தை அவ்வளவாக எடுக்காது. படிகாரம் சரியான அளவில் போட்டுத் தெளியவைத்தால் நிறத்தில் பெரும்பங்கு இறங்கும். மீதிக்குப் பெரிய துளைக் கார்பன், அதற்கும் அடங்காவிட்டால் நிறத்தைப் பிடிக்கும் தனி ரெசின். செலவு அந்த வரிசையில்தான் ஏறும். ரெசின்வரை போவதற்கு முன் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள், சோதிக்காமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

நிறமான தண்ணீரில் யு.வி. ஒளி தூரம் போகாது. அதனால் நிறத்தை எடுக்காமல் யு.வி.யை நம்பிக் குடிக்க வேண்டாம். நிறம் சிவப்பு, நீலம் என்று ஏதாவது ஒரு சாயம் மாதிரி இருந்தால் உடனே நிறுத்திவிட்டு, அருகில் சாயப்பட்டறைக் கழிவு எங்கே போகிறது என்று விசாரியுங்கள்.

## கருப்புத் தூள்

புதுக் கேண்டில் என்றால் முதல் பத்து லிட்டரைக் கொட்டுங்கள், அது கார்பன் தூசி. விழுங்கினாலும் கெடுதல் இல்லை, டீக்கடைக்காரருக்கு மட்டும் மானக்கேடு. பல மாதம் ஓடியதில் திடீரென்று வந்தால் கேண்டில் உறை கிழிந்திருக்கிறது. வெசலில் வந்தால் அடியில் உள்ள வடிகுழாய் உடைந்திருக்கலாம், இல்லை பேக்வாஷை முழு வேகத்தில் அடித்திருக்கிறார்கள். கார்பன் மணலைவிட லேசு, பதின்மூன்று அங்குல வெசலுக்கு மணிக்கு 1,500 முதல் 2,000 லிட்டர் போதும். வடிகுழாய் உடைந்திருந்தால் வெசலைக் காலிசெய்ய வேண்டும், ஆள் கூப்பிடுங்கள்.

பெரிய இரும்பு வெசலுக்குள் யாரையும் இறக்காதீர்கள். ஈரக் கார்பன் சுற்றியுள்ள காற்றிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும், உள்ளே போனவர் சத்தமில்லாமல் விழுந்துவிடுவார். மூடிக்கிடந்த சம்ப்பிலும் தனியாக இறங்கவேண்டாம்.

## மேலே எண்ணெய்ப் படலம்

ஒரு ஈர்க்குச்சியால் படலத்தைக் கீறுங்கள். கண்ணாடி மாதிரி உடைந்து துண்டாகப் பிரிந்தால் இரும்புப் பாக்டீரியா, எண்ணெய் இல்லை. கீறியதும் மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். போர் தண்ணீரில் முதலில் பழைய சப்மெர்சிபிள் மோட்டாரைச் சந்தேகப்படுங்கள், எண்ணெய் நிரப்பிய மாடலில் சீல் போனால் கசியும். மோட்டாரைத் தூக்கிப் பார்க்கவேண்டும், அது பணவேலைதான். எண்ணெயோடு கார்பனை ஓட்டினால் சில நாளில் துளை அடைத்து மூட்டையே வீண். எண்ணெய் பிடிக்க ஆர்கனோ களிமண் என்று தனிச் சரக்கு உண்டு, அதைக் கார்பனுக்கு முன்னால் போடுவார்கள். தொழிற்சாலைக்குச் சரி. வீட்டுக்கு மூலத்தை அடைப்பதுதான் மலிவு.

## அழுகிய முட்டை வாடை

இது கரிமப் பொருளே இல்லை, வாயு. ஆனாலும் கார்பனைத்தான் திட்டுவார்கள். வெந்நீரில் மட்டும் வந்தால் கீசர், அதற்கு கீசர் மெக்கானிக். குளிர்ந்த போர் தண்ணீரிலும் வந்தால் தொட்டிக்குள் ஷவர் மாதிரி தெளித்து விழவிடுங்கள், பெரும்பகுதி பறந்துவிடும். சாக்கடை வாடையும் கலந்திருந்தால் மேலே நுரைப் பகுதிக்குப் போங்கள்.

## வரத்து குறைந்துவிட்டது

முன்னால் இருக்கும் ஸ்பன்னைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். வரத்து கூடினால் ஸ்பன், கூடாவிட்டால் கார்பன் கேண்டிலில் சேறு அடைத்திருக்கிறது. ஸ்பன்னைச் சரியாக மாற்றினால் கார்பன் கேண்டில் அப்படி அடைக்காது. வெசல் என்றால் பேக்வாஷ்.

## ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும்போது

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் உப்பு, கடினத்தன்மை, இரும்பு, கிருமி எல்லாம் பார்ப்பார்கள். பெட்ரோல், பூச்சிமருந்து போன்றவற்றுக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் வேண்டும், போகும் முன் போனில் கேளுங்கள். "தண்ணி டெஸ்ட்" என்று பொதுவாகச் சொன்னால் உப்பைப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். என்ன வாடை, எந்த பாட்டிலில் தொடங்கியது என்று எழுதிக் கொடுங்கள்.

கிருமிக்கு அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டில், கரிமப் பொருளுக்குக் கண்ணாடி பாட்டில். பெட்ரோல் வாடைக்கு பாட்டிலை விளிம்புவரை, ஒரு காற்றுக்குமிழ்கூட இல்லாமல் நிரப்பி மூடவேண்டும். குமிழ் இருந்தால் வாடை அதற்குள் ஓடிவிடும், அறிக்கையில் ஒன்றுமில்லை என்று வரும். ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து அன்றே கொடுத்துவிடுங்கள். வைகாசி வெயிலில் பைக் டேங்க் மேல் வைத்துக் கொண்டுபோன பாட்டிலை நானே ஒருமுறை திருப்பி எடுத்து வந்திருக்கிறேன்.